பிள்ளைகளுக்கான தமிழ்ச் சாகசப் படம்: முதலில் விலங்கைச் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பிள்ளைகள் குடும்பத்தோடு பார்க்கத் தமிழில் சாகசப் படம் இல்லையே என்று யாராவது கேட்டால், "அதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. சில பிள்ளைகள், அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு புராண விலங்கு, அதைத் தேடி வரும் பெரியவர்கள். இந்தக் கதையைச் சிங்கப்பூரிலேயே சிறிய செலவில் எடுக்க முடியும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எடுக்கும் வரிசையை மாற்றினால் போதும்.

குறைந்த செலவில் எடுக்கப்படும் இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கதை எழுதி, நடிகர்களைத் தேர்ந்தெடுத்து, படப்பிடிப்பையும் முடித்த பிறகு, விலங்கைக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கையில் இருந்த பணம் கரைந்திருக்கும். மிச்சப் பணத்தில் உருவாகும் விலங்கின் கால் தரையில் பதியாது, நிழல் வேறு பக்கம் விழும், பிள்ளை தடவும்போது அதன் ரோமம் அசையாது. அதைவிடப் பெரிய சிக்கல் பிள்ளைகளின் கண்ணில் இருக்கிறது. வெறும் காற்றைப் பார்த்து நடிக்கச் சொன்னால் மூன்று பிள்ளைகள் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். எதிரே கையால் தொடக்கூடிய ஒரு பொம்மை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், அதை இயக்குபவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சிறிது நேரத்தில் பிள்ளைகள் அவரை மறந்துவிடுவார்கள். அந்தப் பார்வையைக் கணினியில் செய்து சேர்க்க முடியாது. ஆகவே விலங்குதான் முதலில். திரைக்கதையின் இறுதி வடிவம் அதன் பிறகுதான்.

எந்த விலங்கு என்று கேட்டால் பலரும் யாளியைச் சொல்வார்கள். கோயில் தூண்களில் நாம் பார்த்துப் பழகிய கம்பீரம் அது. ஆனால் குறைந்த செலவுக்கு யாளி பொருந்தாது. சிங்க உடல், தும்பிக்கை, நான்கு கால் நடை எல்லாவற்றையும் திரையில் காட்டியாக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த உருவம் என்பதால் சிறு குறையும் பளிச்சென்று தெரியும். எங்கள் பரிந்துரை அசுணம். இசையில் மயங்குவது, கடும் ஓசையைக் கேட்டால் உயிரையே விட்டுவிடுவது என்று பழந்தமிழ் நூல்கள் சொல்லும் விலங்கு அது. அகநானூற்றின் 88ஆம் பாடலில், வண்டுகளின் ரீங்காரத்தை யாழோசை என்று நினைத்து மலைக்குகையிலிருந்து அசுணம் செவிசாய்க்கிறது. அதன் உருவத்தை அந்தப் பாடல் வர்ணிக்கவில்லை. படமெடுப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஒரு காது, ஒரு கண், மூச்சில் ஏறி இறங்கும் விலா ஆகியவற்றைக் காட்டினாலே விலங்கு முழுமையாகிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பறையோசை கேட்டு அசுணம் இறந்துபோகும் என்பது பழைய மரபு. பறை இன்று பெருமையோடு மேடையேறும் கலை. அதைப் பிள்ளைகள் படத்தில் பகையாக்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே அதைவிடப் பொருத்தமான பகை இருக்கிறது: கட்டுமானத் தளத்தில் அடித்தளத் தூணைத் தரைக்குள் இறக்கும் ஓசை. குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் தளங்களில், பொதுவாகச் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை செய்யத் தடை உண்டு. கதைக்குத் தேவையான கெடுவை இந்த விதியே கொடுத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் விலங்கு, திங்கள் காலை ஏழு மணிக்குள் அதை அமைதியான இடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய பிள்ளைகள். துரத்தும் கார்களும் வெடிக்கும் கட்டடங்களும் இல்லாமலே படத்தில் பதற்றம் வந்துவிடும்.

இனி விலங்கைச் செய்வது பற்றி. தலையின் நீளம் சுமார் 35 செ.மீ. இருந்தால், பெரியவர் ஒருவரின் கை மணிக்கட்டு வரை உள்ளே போய்த் தாராளமாகத் திரும்ப முடியும். மண்டையோட்டுக்கு 10 மி.மீ. ஈவிஏ தகடு (கெட்டியான, கனமில்லாத நுரைத் தகடு), அதன்மேல் சதைக்குச் சோபா மெத்தையில் பயன்படும் ஸ்பான்ச். எடை 1.2 கிலோவைத் தாண்ட வேண்டாம். கையை உயர்த்திப் பிடித்திருப்பவருக்கு, 1.5 கிலோ என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் காது நுனியில் பத்து மடங்காகத் தெரியும். சிலிக்கோன் தோல் அழகுதான், ஆனால் கனம். மூக்குக்கும் கண்ணிமைக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும்.

பசை விஷயத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரிய எதிரி. காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். 10, 15 நிமிடங்கள் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மழை நாளில் அது போதாது. ஈரமாக ஒட்டினால் அன்று பிடித்ததுபோல் இருக்கும், படப்பிடிப்பின் நடுவில் தையல் விட்டதுபோலத் திறந்துகொள்ளும். தோலுக்கு லேட்டக்ஸ் என்ற திரவ ரப்பரைப் பூசினால் மெல்லிய பூச்சுகளாகப் பூசி, குளிரூட்டிய அறையில் மின்விசிறி வைத்து ஒவ்வொன்றையும் காயவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்றே இருக்கும். செப்புக் கம்பி லேட்டக்சில் படக் கூடாது. பட்டால் ரப்பர் நிறம் மாறிச் சிதையத் தொடங்கும்.

அசுணத்தின் நடிப்பு முழுவதும் காதில்தான். சின்ன மின்மோட்டார்கள் வைத்துக் காதை அசைக்கலாமே என்று தோன்றும். அவை போடும் 'விர்ர்' சத்தம் ஒவ்வொரு வசனத்திலும் பதிவாகும். கேட்கும் விலங்கைப் பற்றிய படத்தில் அது வினையாகிவிடும். சைக்கிள் பிரேக் கம்பியே சிறந்தது: வெளிக்குழாய், உள்ளே எஃகுக் கம்பி. ஒரு காதுக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்று காதைத் திருப்பும், மற்றொன்று மடிக்கும். திரும்பி வர ஒரு ரப்பர் பட்டை. குழாயின் நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும், எங்கும் கூர்மையாக வளைய வேண்டாம். வளைவு கூடினால் உராய்வு கூடி, மெல்லத் திரும்ப வேண்டிய காது வெட்டிவெட்டித் திரும்பும்.

கண்ணுக்கு 45 மி.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் அரைக்கோளம். கருவிழியைப் பின்பக்கம் வரைந்தால் முன்னாலுள்ள வளைவு அதற்கு ஆழம் கொடுக்கும். இரு கண்களையும் நேர்க்கோட்டில் பொருத்துவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் விலங்கு எங்கோ தொலைவை வெறிப்பதுபோல இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சற்றே உள்நோக்கித் திருப்புங்கள். கேமராவின் பக்கத்தில் ஒரு சிறு எல்இடி விளக்கு எப்போதும் இருக்கட்டும். கண்ணில் அந்த ஒளிப்புள்ளி விழாவிட்டால், எவ்வளவு திறமையாக இயக்கினாலும் கண் செத்துவிடும். இமை கட்டாயம் மூட வேண்டும். மூச்சுக்கு விலாவின் அடியில் ஒரு பலூன், அதிலிருந்து மெல்லிய குழாய், மறுமுனையில் 100 மி.லி. ஊசிக்குழல். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை. ஆபத்தை உணரும்போது இயக்குபவர் மூச்சை நிறுத்திவிட வேண்டும். அசைவு நின்ற அந்த ஒரு நொடியைப் பிள்ளை ரசிகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

செயற்கை ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். துணியின் பின்புறத்தில் பிளேடால் கீறிப் பிரித்தால் ரோமம் முழு நீளத்தில் இருக்கும், தையல் இருக்கும் இடமே தெரியாது. ரோமத்தின் போக்கு மூக்கிலிருந்து வாலை நோக்கி இருக்க வேண்டும். உபரியாக ஒரு மீட்டர் துணியை அதே சுருளிலிருந்தே வாங்கி வையுங்கள், அடுத்த சுருளின் நிறம் சற்று மாறியிருக்கும். மழையில் நனைந்தால் ரோமம் திரிதிரியாகும், இங்கே எளிதில் காயாது, இரவு பையில் மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். எனவே ஒவ்வொரு நாளும் விசிறிக் காற்றில் உலர்த்திச் சீவ வேண்டும். இதற்கென்றே ஒருவர் இருப்பது நல்லது.

முழு உடல் தேவையில்லை. நடிக்கும் தலை ஒன்று, பிள்ளை கட்டிப்பிடிக்க ரோமம் போர்த்திய உடற்பகுதி ஒன்று, முன்னங்கால்கள் இரண்டு, குச்சியில் கட்டிய வால். தலைக்கு ஒருவர், காதுக்கும் மூச்சுக்கும் ஒருவர், காலுக்கு ஒருவர் என மூவர் இயக்க வேண்டும். முழு உருவம் ஒரே ஒரு முறை, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் நிழலாகத் தெரிந்தால் போதும். 70 நிமிடப் படத்தில் விலங்கு 12 நிமிடத்துக்கு மேல் வர வேண்டியதில்லை. இயக்குபவர்கள் ஒளிந்துகொள்ளும் இடத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் தேடாமல் திரைக்கதையிலேயே எழுதிவிட வேண்டும்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசை, பூங்காவில் மழைநீர்க் கால்வாய், வீட்டில் துளையிட்ட பழைய சோபா.

கேமராவைப் பிள்ளையின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 120 செ.மீ.க்கு வைத்தால் சட்டகத்தின் கீழ்விளிம்பே இயக்குபவரை மறைத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மறந்துவிட வேண்டாம். நடைபாதை விளக்குகளின்கீழ் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 நொடியாக இல்லாவிட்டால் படத்தில் பட்டை ஓடலாம். தொலைக்காட்சிக்கு என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், திரையரங்குக்கு என்றால் 24. 24இல் எடுத்தாலும் ஷட்டர் 1/50தான். இதை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். பிறகு மாற்றினால் வேகம் நான்கு விழுக்காடு கூடும் அல்லது குறையும், பிள்ளைகளின் குரலும் அதற்கேற்ப மாறும்.

காட்டுக் காட்சிகளுக்குப் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியே எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது இரவு ஏழு மணிக்கு மூடப்படுகிறது. இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்துவிடலாம்: வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (அதாவது கால் பங்காக) குறைத்து, படம் நீலமாகத் தெரியக் கேமராவின் வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினில் வைத்து, வானம் தெரியாமல், சூரியன் நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி எடுக்க வேண்டும். முன்னாள் ரயில் பாதையான 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை இந்தக் கதைக்கு இன்னும் பொருத்தம். புளோக்குகளுக்கும் மரங்களுக்கும் இடையே பிள்ளைகள் தனியாக நடந்து போகக்கூடிய இடம் என்று பார்ப்பவர் நம்புவார். பூங்காக்களுக்குத் தேசிய பூங்காக் கழகத்திடமும், கீழ்த்தளங்களுக்கு நகர மன்றத்திடமும் அனுமதி வாங்க வேண்டும். ரோமப் பொம்மையின் படத்தை விண்ணப்பத்தோடு இணைத்தால் வீண் கேள்விகள் குறையும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் பாதி விலங்கு ஒலியில்தான் இருக்கிறது. அந்தி வேளையில் சிள்வண்டுகள் ஒரே வேகத்தில் கத்துவதில்லை. ஏறும், சட்டென்று நிற்கும். இரண்டு ஷாட்டுகளை ஒட்டும்போது பின்னணி துள்ளும். ஒவ்வொரு இடத்திலும், வேளை மாறும்போதெல்லாம், யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெற்றொலியை, அதாவது அந்த இடத்தின் பின்னணி ஓசையை மட்டும், பதிவுசெய்யுங்கள். எடிட்டிங்கில் அந்த ஒரு நிமிடம்தான் கைகொடுக்கும். விமானம் கடக்கும்போது நிறுத்திவிடுவதே நல்லது. அசுணத்தின் குரலுக்குப் பூனையின் உறுமலையும் ஆட்டின் முனகலையும் வீணையின் தந்தியைத் துணியால் தேய்க்கும் ஓசையையும் 96 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 96,000 மாதிரிகள்) பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டுங்கள். அந்த அளவில் பதிவுசெய்தால்தான் குரல் ஒரு ஸ்தாயி இறங்கினாலும் மேல் அதிர்வெண்கள் மிஞ்சியிருக்கும். சாதாரண 48இல் பதிவுசெய்து இறக்கினால் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும். தூண் இறக்கும் ஓசையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் கனம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படத்தைப் பிறகு கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கி இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தராது, கதையின் வில்லன் காணாமல் போய்விடுவான். ஒவ்வோர் அடியோடும் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இரும்பு மோதலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை நடிகர்களைத் தொடக்கநிலை 4, 5 வகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஆறு, ஏழு வயது என்றால் முன்பல் விழும், ஒரே காட்சியில் பல் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தொடக்கநிலை 6 என்றால் ஆகஸ்ட்டில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதி வந்துவிடும், பெற்றோர் ஜூனில் விடமாட்டார்கள், அவர்கள் தயங்குவது நியாயமே. பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் என்பதால் டப்பிங்கை ஒத்திப்போட வேண்டாம். 13, 14 வயதினரின் வேலைக்குச் சட்டம் வகுத்திருக்கும் எல்லை ஒரு நாளில் 6 மணி நேரம், 3 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் 30 நிமிட ஓய்வு, இரவு 11 முதல் காலை 6 வரை வேலையே இல்லை. இளைய பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு, மனிதவள அமைச்சிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் முறை. ஆறு மணி நேரத்தில் கேமரா ஓடுவது நான்கு மணி நேரம்தான். ஒரு நாளைக்கு மூன்றரைப் பக்கம் என்று வைத்தால் 70 பக்கத் திரைக்கதைக்கு 20 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று பார்த்தால் ஜூன் விடுமுறையின் நான்கு வாரத்துக்குச் சரியாக இருக்கிறது. ஜூனில் முடிக்காமல் மிச்சத்தை டிசம்பருக்குத் தள்ளினால் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஜூனில் விடியற்காலையிலும் காலையிலும் சுமத்ரா சூறைக்காற்று வரும் என்பதால், உள்ளரங்கக் காட்சி ஒன்று எந்நாளும் தயாராக இருக்க வேண்டும்.

வசனம் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து வயதுப் பிள்ளை "நாம் இவ்விலங்கினைக் காப்பாற்றியே ஆக வேண்டும்" என்று பேசாது. "பாட்டி, அது பயப்படுது, டிவிய ஆஃப் பண்ணுங்க" என்றுதான் சொல்லும். நம் வீடுகளில் பிள்ளைகள் பேசும் தமிழைப் பேசவிடுங்கள். அதில் ஆங்கிலம் கலந்தால் கலக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, நூறு வெள்ளி இருந்தால் 25 வெள்ளி விலங்குக்கு, 20 ஒலிக்கு, 30 ஆட்களின் ஊதியத்துக்கு, 10 உணவு, போக்குவரத்து, காப்புறுதிக்கு, 15 எதிர்பாராத செலவுக்கு என்று பிரிப்போம். கேமராவுக்குத் தனித் தொகை இல்லையே என்று சிலர் வியக்கலாம். இன்று இரவல் வாங்கக்கூடிய சாதாரணக் கேமராவே இந்தப் படத்துக்குப் போதும். கேமரா வாடகையில் கரையும் பணம் எப்போதும் விலங்கின் பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, அதை அனுமதிக்கக் கூடாது.

தமிழ் அமைப்புகளும் சமூக மன்றங்களும் ஊடக நிறுவனங்களும் முழுப் படத்துக்கு உடனே நிதி தர வேண்டும் என்று கேட்கவில்லை. முதலில் மூன்று நிமிடச் சோதனைப் படம் ஒன்றுக்கு உதவுங்கள்: ஒரு தலை, இரண்டு காதுகள், ஒரு பிள்ளை, ஒரு கீழ்த்தளம். அதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேருக்குப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்களின் முகங்களைப் பாருங்கள். காது திரும்பும் இடத்தில் பேச்சு நின்றால் மேற்கொண்டு பணம் போடலாம். நிற்காவிட்டால் காதைத் திருத்த வேண்டும், கதையைத் தொட வேண்டியதில்லை. அடுத்த ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் அந்தச் சோதனைப் படத்தைத் திரையிட்டு, ஜூனில் படப்பிடிப்பைத் தொடங்க விரும்புபவர்கள், ஜனவரி முதல் வாரத்திலேயே ஸ்பான்சைச் செதுக்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சுயாதீனத் திரைப்படத் தொழில்நுட்பக் கலைஞர்கள் சிலர்,
சிங்கப்பூர்